தறிக்கு மேல ஒரு கண்ணாடி

எங்க தெருவுல யாரைக் கேட்டாலும், எங்க வூட்டு மேல போட்டிருந்த கண்ணாடி குரங்கு குதிச்சு ஒடைஞ்சதுன்னுதான் சொல்வாங்க. இந்தக் காஞ்சிபுரத்துல எது ஒடைஞ்சாலும் குரங்கு மேல பழி போட்டுடலாம், அது வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல. ஆனா அன்னிக்கு எங்க மாடியில குரங்கும் இல்ல, ஒரு கல்லும் வந்து வுழல. எங்க வூட்டுக்காரரோட வலது கண்ணு போனதுக்கு நான்தான் காரணம். ரெண்டு வருஷமா இதை யாருகிட்டயும் சொல்லாம மென்னு முழுங்கிக்கினு இருக்கேன். இப்ப எழுதிடறேன்.

எங்க வூடு ஓரிக்கையில. முன் ரூம்புல ஒரு தறி. அவரு நடுவுல ஒக்காந்து நெய்வாரு, நான் அவருக்கு வலது பக்கம் ஒட்டி ஒக்காந்து கரைக்கு நாடா போடுவேன், அதான் ஊடை நூலு சுத்தின கட்டைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்றது. ஒடம்பு ஒரு கலரு, கரை வேற கலருன்னு கோர்த்து நெய்யற புடவையை ஒரு ஆளால நெய்ய முடியாது. பக்கத்துல இன்னொரு கை வேணும். பதினேழு வருஷமா அந்தக் கை என் கைதான். சண்டை போட்டுக்கினு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த நாள்ல கூட இடிச்சுக்கினு பக்கத்துலதான் ஒக்காரணும், வேற வழி இல்ல.

நாங்க வழிவழியா நெய்யற குடும்பம் கெடையாது. எங்கப்பாவும் எங்கம்மாவும் தாமல் ஏரிக்குக் கீழ அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டவங்க, அவரு வூட்டுலயும் அதே கதைதான். நான் பதினாலு வயசுல டவுனுக்கு சாயப்பட்டறை வேலைக்கு வந்தேன். கொதிக்கற தொட்டியில நூலைப் பொரட்டிப் பொரட்டிக் கலரைக் கத்துக்கினேன். அரக்குன்னா உங்களுக்கு ஒரு கலரு. எனக்கு அதுலயே ஒம்பது கலரு தெரியும். இவங்க ஆளுங்களுக்குப் பட்டைப் பத்தி இன்னா தெரியும்னு கேட்ட மொதலாளிங்களே பின்னாடி, இந்தாம்மா இதைக் கொஞ்சம் பாத்து சொல்லுன்னு நூலை என் கையில குடுத்தாங்க. அந்தத் திமிரு எனக்கு இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு.

ரூம்புக்கு வெளிச்சம் வந்தது கெழக்குப் பக்க ஜன்னல் ஒண்ணுலதான். பக்கத்து மனைக்காரரு ரெண்டு மாடி தூக்கிக் கட்டினாரு, ஜன்னலைத் தொறந்தா செவுரு. கேட்டதுக்கு, என் எடத்துலதான கட்டறேன்னாரு. நாயந்தான், இன்னா பேசறது. பட்டப்பகல்ல டியூப்லைட் போட்டுக்கினு நெய்ய ஆரம்பிச்சோம். டியூப்லைட்டுல மஞ்சளும் பச்சையும் கூடத் தப்பிச்சுக்கும், அரக்கும் நீலமும் பொய் சொல்லும். ஒரு புடவைக்குக் குறுக்கால ஓடற ஊடை நூலு பாதி தீந்துபோயி, மறுபடி சாயம் போட்டது வந்துச்சு. ரெண்டுக்கும் ஒரு இழை வித்தியாசம். டியூப்லைட்டுல எனக்கே தெரியல. நெய்து கொண்டும்போயி மொதலாளி கடையில வெயில்ல பிரிச்சா, புடவை நடுவுல கோடு கிழிச்சாப்புல பட்டையா தெரியுது. திருப்பிக் குடுத்துட்டாரு. அவரு திட்டினதுகூட எனக்கு ஒறைக்கல. "உன் கண்ணுக்கே தப்பிச்சிடுச்சாம்மா"ன்னாரு பாரு, அது ஒறைச்சுது. ரெண்டு நாளு சரியா சோறு எறங்கல.

அப்புறம்தான் தறிக்கு நேர் மேல தளத்தை வெட்டிக் கண்ணாடி போட்டுடலாம்னு நான் புடிவாதம் புடிச்சேன். எங்க வூட்டுக்காரரு பயந்த சுபாவம். மழை ஒழுகும்பாரு, குரங்கு குதிக்கும்பாரு, வெயிலு மண்டையப் பொளக்கும்பாரு. எல்லாத்துக்கும் நான் பதில் வெச்சிருந்தேன். கடைசியில, உன் இஷ்டம்மே, ஆனா கெட்டியான கண்ணாடியா பாத்து வாங்குன்னாரு. திருப்புட்குழியிலருந்து ஒரு மேஸ்திரி வந்து நாலடிக்கு மூணடி தளத்தை வெட்டி, சுத்தி கட்டை கட்டி, கம்பிச் சட்டம் வெச்சுக் குடுத்தாரு. கண்ணாடி மட்டும் நீங்க பாத்துக்குங்கன்னு போயிட்டாரு.

டவுன்ல கண்ணாடிக் கடை பாய் ஒருத்தரு, வயசானவரு. அவங்க வூட்டுல மூணு தலைமுறையா கண்ணாடி அறுக்கறாங்க. சாமி ஊர்வல வாகனத்துல பதிக்கற கண்ணாடித் துண்டுகூட அவங்க கையால அறுத்ததுன்னு சொல்வாங்க. நாங்க போன அன்னிக்கு ரோட்டுல வண்டிய நிறுத்த எடமில்ல, போலீஸ்காரங்க தூக்கிக்கினு போயிடுவாங்கன்னு எங்க வூட்டுக்காரரு வண்டிமேலயே ஒக்காந்துட்டாரு. நீயே பாத்து முடிச்சுட்டு வான்னாரு. நான் மட்டும் உள்ள போனேன்.

பாய் எனக்குப் பொறுமையா எல்லாம் சொன்னாரு, அதை மறைக்க மாட்டேன். ரெண்டு தினுசு எடுத்துக் காட்டினாரு. ஒண்ணு லேமினேட்டு, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாளை வெச்சு ஒண்ணா ஒட்டினது. இன்னொண்ணு டஃபண்டு, உலையில காய வெச்சு முறுக்கேத்தின ஒத்தக் கண்ணாடி. டஃபண்டைச் சுத்தியால நாலு போடு போட்டுக் காட்டினாரு, அது அசையல. இதைவிட இன்னா கெட்டி வேணும்னு நான் நெனைச்சேன். அதுக்கப்புறம்தான் அவரு அந்த வார்த்தைய சொன்னாரு.

"கதவுக்கு, ஜன்னலுக்கு இது போடும்மா, நான் வேணான்னு சொல்ல மாட்டேன். தலைக்கு மேல போடாத. இது ஒடைஞ்சா கல்கண்டு கணக்கா மொத்தமும் கொட்டிடும். லேமினேட்டு ஒடைஞ்சாலும் அந்தத் தாளு புடிச்சு வெச்சுக்கும். கீழ மனுசன் ஒக்கார்ற எடம்."

நான் தறிக்காரங்க செய்யற வேலையைச் செஞ்சேன். பையிலருந்து அரக்கு நூலு ஒரு கொத்து எடுத்தேன். நூலு எடுக்காம நான் எங்கயும் போறதில்ல, ஜவுளி எடுக்கப் போனாலும் சரி, சுண்ணாம்பு வாங்கப் போனாலும் சரி. கடை வாசல்ல வெயிலுக்கு வந்து அந்த லேமினேட்டுத் துண்டு வழியா நூலைப் பாத்தேன். அரக்கு செத்துப் போச்சு. ஈரல் கலருல கெடக்குது. டஃபண்டு வழியா பாத்தா நூலு உசுரோட இருக்குது. அவ்வளவுதான், என் மனசு முடிவு பண்ணிடுச்சு. இது பழைய பீஸும்மா, வருஷக்கணக்கா வெயில்ல கெடந்து பழுத்துப் போச்சு, ஓரமெல்லாம் பாலு பூத்திருக்குது பாருன்னு பாய் காட்டினாரு. புது ஷீட்டு இப்படி இருக்காது, நாலு நாளு பொறுத்துக்க, சரக்கு வருது, வந்து உன் நூலை வெச்சுப் பாருன்னாரு. நாலு நாளு. நாலே நாளு. புதுப் பாவு, அதான் புடவைக்கு நீளவாக்குல ஓடற நூலு மொத்தமும், அன்னிக்குத்தான் தறியில ஏத்தியிருந்தோம், எனக்குப் பொறுக்கல. கலரைப் பத்தி எனக்கே சொல்றியா பாய்னு சிரிச்சுக்கினே அளவு சீட்டைக் குடுத்துட்டேன். அவரு தலைய ஆட்டிக்கினே எழுதிக்கினாரு.

வெளிய வந்ததும் எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. "பாய் இன்னா சொன்னாரு?"

"ரெண்டும் ஒண்ணுதான்னாரு. இதுல கலரு நல்லா தெரியுது."

யோசிச்சு சொன்ன பொய்யில்ல அது. தலைக்கு மேல போடக் கூடாதாம்னு சொன்னா இந்த மனுஷன் பயந்துக்கினு, நாலு நாளு இன்னா, நாலு மாசம்கூடப் பொறுப்பாருன்னு தெரியும். அந்தத் தொல்லைக்குத்தான் வாயில வந்ததைச் சொன்னேன். காய்கறிக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி ஒரு பொய்யி. சொல்லி முடிச்சு வண்டியில ஏறி ஒக்காந்ததும் மறந்தும் போச்சு.

கண்ணாடி போட்ட பிறகு ரூம்பு கோயில் பிராகாரம் கணக்கா ஆயிடுச்சு. காலையில பத்து மணிக்கு பாவு மேல வெயிலு எறங்கும், ஒவ்வொரு இழையும் தனித்தனியா தெரியும். மொதல் புடவைய மொதலாளி வெயில்ல பிரிச்சுப் பாத்துட்டு, மடிச்சு உள்ள வெச்சாரு. எனக்கு அது போதும். எங்க வூட்டுக்காரரும் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கழுத்தைத் தூக்கி மேல காட்டுவாரு. எங்க வூட்டு அம்மா ஐடியாம்பாரு. ஆறேழு மாசம் நல்லாத்தான் இருந்தோம்.

பங்குனி மாசம், பதினொரு மணி இருக்கும். நல்ல வெயிலு. குக்கர் விசிலு அடிச்சுதுன்னு நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அடுப்பை நிறுத்தறதுக்குள்ள முன் ரூம்புல டமார்னு ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் வெடிச்சுதுன்னுதான் நெனைச்சேன். மேல கண்ணாடி மொத்தமும் வெள்ளையா நொறுங்கிப் போயி ஒரு மூச்சு நேரம் சட்டத்துலயே நின்னுதாம். சத்தம் வந்தா மனுஷன் இன்னா பண்ணுவான், அண்ணாந்துதான் பாப்பான். அவரும் பாத்தாரு. அப்பத்தான் கொட்டுச்சு.

நான் ஓடி வந்தப்ப அவரு தறிக்குழியிலயே காலை வெச்சுக்கினு ஒக்காந்திருந்தாரு. ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடியிருந்தாரு. விரலு சந்துல ரத்தம் வந்துக்கினு இருந்துச்சு. தலை, தோளு, பாவு, தரை எங்க பாத்தாலும் கண்ணாடி. கத்தவேயில்ல அவரு. நான்தான் தெருவே கூடற மாதிரி கத்தினேன். ஆட்டோவுல போகும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு, பாவுக்கு இன்னா ஆச்சுன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. பாவாம் பாவு. பாவு நாசமாப் போவட்டும்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழுதுக்கினே போனேன்.

இங்க பாத்துட்டு, உடனே மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போங்கன்னுட்டாங்க. அங்க ஆபரேஷன் பண்ணாங்க, பத்து நாளு இருந்தோம். எடது கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வலது கண்ணுல கருவிழி கிழிஞ்சு உள்ள வரைக்கும் போயிருக்குது. கண்ணை எடுக்காம காப்பாத்திட்டோம், ஆனா பார்வை வராதும்மான்னு டாக்டரம்மா என் தோளைப் புடிச்சுக்கினு சொன்னாங்க. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. அவருகிட்ட நான்தான் சொன்னேன். கேட்டுட்டு, சரி, ஒண்ணு இருக்குதில்லன்னாரு.

வூட்டுக்கு வந்து நான் செஞ்ச மொதல் வேலை பாவுலருந்து கண்ணாடி பொறுக்கினதுதான். தூக்கிப் போட மனசு வரல. முள்ளு புடுங்கற சாமானை வெச்சுக்கினு இழை இழையா ஒதுக்கி ஒண்ணொண்ணா எடுத்தேன். விரலெல்லாம் கீறல். அஞ்சாவது நாளு பாத்தா நான் எடுத்த எடத்துலயே நூலு அறுந்து அறுந்து தொங்குது. கடைசியில பாவையே அறுத்து எடுத்துட்டோம். அதை அறுக்கும்போது அவரு ரூம்புல இல்ல.

யாரோ ஒருத்தரு குரங்கு குதிச்சிருக்கும்னு ஆரம்பிச்சாங்க. அவரும் ஆமா, குரங்காத்தான் இருக்கும்னாரு. நானும் ஆமான்னேன்.

ஓட்டை மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டோம். மறுபடியும் டியூப்லைட்டு. ஏழு மாசம் கழிச்சு அவரு தறியில ஒக்காந்தாரு. ஒத்தக் கண்ணுக்குத் தூரம் புரியாதுன்னு எங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. நாடா வரும், கை வேற எடத்துல இருக்கும். அறுந்த இழைய முடிச்சுப் போட நூல் முனைய புடிக்கப் போவாரு, ரெண்டு விரலும் காத்தைப் புடிக்கும். நான் ஒக்கார்றது அவரு வலது பக்கம். அந்தப் பக்கம் இப்ப அவருக்கு இருட்டு. நான் இருக்கேனா எழுந்து போயிட்டேனான்னு கையை வெச்சுத்தான் பாப்பாரு. ஒரு நாளைக்கு நாலு விரக்கடை நெய்யவே உசுரு போச்சு. ஒரு நாளு நாடாவ மடியில வெச்சுக்கினு சொன்னாரு, எனக்கு முன்னைவிட வெளிச்சம் ஜாஸ்தி வேணும்மே, கண்ணாடி போட்டுடலாம், இந்த வாட்டி நானும் கடைக்குள்ள வரேன்னு.

வேணாம்யான்னுட்டேன். மறுபடி கண்ணாடியான்னு பயந்துட்டேன்னு அவரு நெனைச்சாரு. எனக்குப் பயம் பாய் வாய்மேல. நீ ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியேன்னு இந்த மனுஷன் என்னைப் பாத்துக் கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன். தளம் போட்டு மூடிடலாம்னேன். வாலாஜாபாத்துல வேற கடை இருக்குதாம், அங்க வாங்கலாம்னேன். அளவெல்லாம் பாய்கிட்ட இருக்குது, அவரை வுட்டுட்டு அவ்ளோ தூரம் ஏன் போவணும்னாரு. சரி, முன்னாடியே தனியா போயி பாய் காலைப் புடிச்சாவது, ஒண்ணும் சொல்லிடாத பாய்னு கேட்டுக்கலாம்னு ஒரு நாளு கெளம்பினேன். போன பிறகுதான் வெள்ளிக்கிழமைன்னு ஞாபகம் வந்துச்சு, தொழுகைக்குப் போயிருக்காங்க, ஷட்டரு பாதி எறங்கியிருந்துச்சு. கால் மணி நேரம் நின்னேன். அப்புறம் தைரியம் போயிடுச்சு, திரும்பிட்டேன். மறுபடி போகல. வூட்டுலயே அவருகிட்ட உண்மையச் சொல்லிடலாம்னும் நெனைச்சேன். வாயத் தொறப்பேன், கொழம்புக்கு உப்பு போதுமான்னு கேட்டுட்டு எழுந்துடுவேன்.

ஒரு நாளு ரெண்டு பேரும் போனோம். கண்ணு போனதுலருந்து ஸ்கூட்டி நான்தான் ஓட்டறேன், அவரு பின்னாடி. இந்த வாட்டி வண்டி நிறுத்த எடம் கெடைச்சுது. பாய் அவரு மூஞ்சியப் பாத்துட்டு கையில இருந்ததைக் கீழ வெச்சாரு. எழுந்து வந்து கையப் புடிச்சு ஒக்கார வெச்சாரு. இன்னாப்பா ஆச்சுன்னு கேட்டாரு. குரங்கு குதிச்சு ஒடைஞ்சுதுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு.

பாய் இல்லன்னு தலையாட்டினாரு. நாலு குரங்கு குதிச்சாலும் அது தாங்கும்னாரு. செய்யும்போதே உள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி மாட்டிக்குமாம். வெயில்ல காஞ்சு காஞ்சு அது ஊதி, என்னிக்காவது ஒரு நாளு தானா வெடிக்குமாம். எல்லாத்துலயும் இருக்காது, எதுல இருக்குதுன்னு யாருக்கும் தெரியாதுன்னாரு. நான் கடைக்கு வெளிய ரோட்டையே பாத்துக்கினு நின்னேன். பாய் பேச்சு எந்தப் பக்கம் திரும்பப் போவுதுன்னு தெரிஞ்சுபோச்சு எனக்கு.

"அதனாலதாம்மா அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கினேன், தலைக்கு மேல அது போடாதன்னு. லேமினேட்டு போடுன்னு சொன்னேனா இல்லியா?"

எங்க வூட்டுக்காரரு என்னைப் பாக்கல. மேஜை மேல இருந்த அளவு டேப்பைப் பாத்துக்கினு இருந்தாரு.

"சொல்லுச்சு பாய். வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

பாய்க்குக் கோவம் வந்துடுச்சு. வூட்டுல பொம்பள சொன்னா கேட்டுக்கணும்பா, நல்லதுக்குத்தான சொல்லுது, பெரிய மனுஷன் பேச்சையும் கேக்கல, பொண்டாட்டி பேச்சையும் கேக்கலன்னா இப்படித்தான் ஆவும்னு நல்லா திட்டினாரு. கடையில இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க, அவங்களும் ஆமாம்னாங்க. எங்க வூட்டுக்காரரு தலையக் குனிஞ்சுக்கினு, சரி பாய், தப்புதான் பாய்னு எல்லாத்தையும் வாங்கிக்கினாரு. அப்புறம் லேமினேட்டு புதுசு எடுத்துக் காட்டினாங்க. தண்ணி கணக்கா இருந்துச்சு. பாய் அன்னிக்கு சொன்னது அத்தனையும் நெஜம். எங்க வூட்டுக்காரரே பழைய அளவுதான்னு சொல்லி, இதுவே போடுங்கன்னு முடிச்சாரு.

திரும்பி வர்ற வழியெல்லாம் அவரு என் பின்னாடி ஒக்காந்திருந்தாரு, மூஞ்சி தெரியல. வண்டிக் கண்ணாடியில பாக்கலாம்னா என் கண்ணுல தண்ணி. வூட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினதும் கேட்டுட்டேன்.

"ஏன்யா அப்படி சொன்ன?"

"கடையில வெச்சு உன்ன வுட்டுக்குடுக்க முடியுமா? வூட்டுல பேசிக்கலாம்."

சரின்னு நான் அங்கயே செவுத்துல சாஞ்சுக்கினு நின்னேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு நின்னேன். அவரு சட்டையக் கழட்டி மாட்டிட்டு, கை கால் கழுவிக்கினு வந்து சோறு போடுன்னாரு. போட்டேன். சாப்பிட்டாரு. தறியில போயி ஒக்காந்தாரு.

ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. அவரு இன்னும் பேசல. கண்ணாடி மேல ஏறிடுச்சு, வெளிச்சம் நல்லா வருது, கை மெதுவா பழகிக்கினு வருது. ரசத்துக்குப் புளி ஜாஸ்தியா போச்சுன்னு சொல்றாரு, வூட்டு வரி கட்டிட்டியான்னு கேக்கறாரு, டி.வி.யில ஏதாவது வந்தா சிரிக்கறாரு. அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டேங்கறாரு. ஒரு வாட்டி வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டித் தீத்துட்டா நான் பொழைச்சுக்குவேன். நானா ஆரம்பிக்கலாம்தான், வாயி வரல. நேத்து கரைக்கு நாடா போட்டுக்கினு இருக்கும்போது ரெண்டு தடவை தொண்டையக் கனைச்சாரு. வந்துடுச்சுன்னு கையை நிறுத்திட்டு அவரைப் பாத்தேன். தண்ணி கொண்டான்னாரு. எழுந்து போயி எடுத்துக்கினு வந்து குடுத்தேன்.